அப்பா தூங்கும் நேரம்

1

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹால் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு நிறைய கேக். வானிலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். என் மகள் ஷீலா மளமளவென்று வளர்ந்துவிட்டாள் என்றார். கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "உங்கள் ரேடியோ அருமையான ரேடியோ. ராத்திரி முழுக்க எனக்கும் நன்றாகக் கேட்கிறது" என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அது பாராட்டு இல்ல தாயே. சத்தத்தைக் குறைன்னு சொல்லிட்டுப் போறாங்க."

இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இவர்கள் திட்டுவதற்கும் வாழ்த்துவதற்கும் உள்ள வித்தியாசம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வந்த புதிதில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "ஆல் ரைட்?" என்று கேட்பார்கள். நானும் மெனக்கெட்டு நின்று, தலைவலி எப்போது ஆரம்பித்தது, கால் எங்கே வீங்கியிருக்கிறது என்று விளக்கமாகப் பதில் சொல்வேன். பாவம், அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள்.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். ஷீலா தூங்கும் அறையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது. அவள் படுத்ததும் அதைப் போட்டுவிடுவேன். விடியும் வரை அது ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். "அதை நிறுத்தும்மா, தூக்கமே வரமாட்டேங்குது" என்று அவள் ஆங்கிலத்தில் சண்டை போடுவாள். தமிழில் சண்டை போடும் அளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை. யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். தாம்பரத்தில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது, சத்தம் பழகிவிட்டது என்பேன். அது பாதிதான் உண்மை. மீதியை மிஸஸ் ஹாலிடம் சொன்னால் இன்னொரு கேக்தான் கொண்டுவருவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

அப்பா தேவசகாயம் ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. அடிக்கடி நைட் டூட்டி வரும். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, உள் அறையில் படுத்தார் என்றால் சாயங்காலம் வரைக்கும் வீடு மூச்சு காட்டக் கூடாது.

அம்மா எஸ்தர் சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பை அடக்குகிற அதே சுட்டுவிரலால் வீட்டையும் அடக்குவாள். "அப்பா இப்ப தூங்கலைன்னா ராத்திரி கண்ணு சொக்கிடும். கண்ணு சொக்கினா ரெண்டு ரயில் ஒரே லைன்ல வந்துடும். எத்தனை பேர் சாவாங்க தெரியுமா?" என்பாள். நான் அதை அப்படியே நம்பினேன். ஒரு டம்ளரைக் கீழே போட்டால் செங்கல்பட்டுப் பக்கம் எங்கேயோ ஒரு ரயில் கவிழும் என்று பயந்த பிள்ளை நான்.

எங்கள் வரிசையில் எல்லாமே ரயில்வேக்காரர்கள் வீடுகள். எந்த வீட்டில் நைட் டூட்டி என்று தெருவுக்கே தெரியும். அந்த வீட்டு வாசலில் பிள்ளைகள் பம்பரம் விடமாட்டார்கள். கீரைக்காரி கூவாமல் கடந்துபோவாள். பாத்திரத்தைச் சாக்கின் மேல்தான் வைப்போம். யார் தேடி வந்தாலும் "சார் தூங்குறாரு" என்றால் போதும், எங்கள் சபை பாஸ்டர்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

ரயில் சத்தம் பிறந்ததிலிருந்தே பழகியது, யார் தூக்கத்தையும் கலைக்காது. அது போக அடங்காதவை இரண்டுதான். ஒன்று, ஏர்ஃபோர்ஸ்காரர்களின் பயிற்சி விமானங்கள். ஓட்டைப் பெயர்த்துவிடும் போலத் தலைக்கு மேலே போகும். இன்னொன்று, சேலையூரிலிருந்து பால் கொண்டுவரும் கன்னியம்மா அக்கா. அவர் ரகசியம் பேசினால் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

3

அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, தம்பி சாமு பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் எதுவும் தங்காததால், சபை முழுவதும் ஜெபித்து வாங்கிய பிள்ளை என்று பேர்.

விழித்திருக்கும்போது அவனைப் போல ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. கொழுகொழுவென்று இருப்பான், யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். தூங்கினால்தான் வேறு பிள்ளையாகிவிடுவான். முதலில் நகக்கண் கறுக்கும், பிறகு உதடு. கை கால் சில்லிட்டுப் போகும். நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே போய், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிடும். ஆனால் திணறமாட்டான், துடிக்கமாட்டான். முகம் அவ்வளவு சாந்தமாக இருக்கும். அந்தச் சாந்தம்தான் எல்லோரையும் ஏமாற்றியது.

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் கன்னியம்மா அக்கா. "இன்னா டீச்சரம்மா, புள்ள வாயி நாவப்பழம் துன்னாப்புல கீது?" என்றார். "பட்சி தோசமா இருக்கும். மந்திரிச்சிக்கினு வரலாம், வா." அம்மா மந்திரிப்பதற்கு எல்லாம் போகிறவள் இல்லை. ஆனால் அன்று அவள் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது.

இன்னும் சில இருந்தன. குளிப்பாட்டும்போது முகத்தில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பிள்ளையும் மூச்சு முட்டி வீறிடும். சாமு பேசாமல் கிடப்பான். தண்ணீர் வடிந்த பிறகு நிதானமாகக் கண்ணைத் திறந்து பார்ப்பான். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாலும் கண்ணின் கருமணி சுருங்காது. வயிறு அடிக்கடி உப்பிக்கொள்ளும், நாள்கணக்கில் வெளிக்குப் போகமாட்டான். இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் யாருக்காவது மூச்சில் கோளாறு என்றால் சனங்கள் உடனே டி.பி. ஆஸ்பத்திரியான சானடோரியம் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். காச நோயோ என்று அப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரிடம் ஓடினாள். நானும் போனேன். வீட்டில் கறுத்துக் கிடந்த பிள்ளை, ரிக்‌ஷா ரயில்வே கேட்டின் தண்டவாளத்தில் ஏறி இறங்கிய குலுக்கலில் விழித்துக்கொண்டான். டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது கன்னமெல்லாம் சிவந்து, அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடினான்.

"மார்பு சுத்தமா இருக்கு. ஜம்முனு இருக்கானே, இவனுக்கு என்னம்மா?" என்றார் டாக்டர்.

"தூங்கினா கறுத்துப்போறான் சார்."

"எல்லாப் பிள்ளையும் தூங்கும்போது அசையாமத்தான் இருக்கும். உங்க கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்து கிடக்கு. தூங்க வேண்டியது நீங்கதான்."

எத்தனை தடவை போனோமோ, அத்தனை தடவையும் அதே கதைதான். போகிற வழியிலேயே பிள்ளைக்கு எல்லாம் சரியாகிவிடும். அம்மா பொய் சொல்லுகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவாள்.

பிறகு அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். அவன் தூங்கும்போது ஒரு கையை அவன் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வாள். ஏற்ற இறக்கம் குறைந்தால் உள்ளங்காலைச் சுண்டுவாள். அவன் சிணுங்கி ஒரு பெருமூச்சு விடுவான், உதட்டின் கறுப்பு மறையும். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். சமைத்தபடியே சுண்டினாள். ஜெபம் செய்தபடியே சுண்டினாள். விமானம் போனால் அவன் தானாகவே திடுக்கிட்டு மூச்சு விடுவான் என்பதையும் கண்டுகொண்டாள். தெருவே விமானத்தைச் சபிக்கும், அம்மா மட்டும் "ஸ்தோத்திரம்" என்பாள். எட்டு மாதம் இப்படி ஓடியது.

4

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பறக்காது.

அப்பா நைட் டூட்டி முடித்து வந்து உள் அறையில் படுத்திருந்தார். காலை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டோம். அம்மா என்னைப் பிற்பகலில், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பினாள். நான் கிளம்பும்போது முன்னறையில் பாய் விரித்து, ஒருக்களித்துப் படுத்து, சாமுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சைகையால் கதவைச் சாத்தச் சொன்னாள். நான் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் சாத்தினேன்.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே கூச்சல் கேட்டது. அப்பா தூங்கும் நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். அப்பாவின் அக்கா, மார்த்தா அத்தை, அந்தப் பக்கம் வந்தவர் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டியேடி! பிள்ளைய அமுக்கிட்டியேடி பாவி!"

அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சாமுவின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். அப்பா உள் அறை வாசலில் லுங்கியோடு நின்றார். அத்தை சொன்னதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

தாய் அசந்து தூங்கி, புரண்டு படுத்துப் பிள்ளையை அமுக்கிவிடுவது அந்தக் காலத்தில் ஊர் அறிந்த சங்கதி. அதனால் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. பெட்டிக்குள் வைத்த பிறகு அவன் உதடு கறுத்திருந்ததைப் பார்த்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் முடிந்ததும் குழந்தையைப் பெண்கள் பக்கம் கொடுப்பார்கள். அது பாய் வரிசையில் மடி மாறி மாறிப் போகும், ஒவ்வொருத்தியும் ஒரு முத்தம் கொடுத்து அடுத்தவளிடம் தருவாள். அடுத்த வருஷம் ஒரு குழந்தை அப்படி வந்தது. அம்மாவும் கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்க்காதது போல எட்டி, குழந்தையை என் மடியில் வைத்தார். அம்மா நீட்டிய கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். என் வாழ்க்கையில் நான் யாரையாவது அடிக்க நினைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அம்மா எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை. படுத்துத் தூங்கியதும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். ஷீலா கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதுகூட எட்ட நின்றே பார்த்தாள். "எங்கிட்ட குடுக்காதே" என்றாள். ஷீலாவை நான் அவள் மடியில் வைக்கப் போனபோது எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

5

பதினெட்டு வயதில் நர்ஸ் பயிற்சிக்கென்று கப்பலேறி வந்தேன். ஏன் இந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. வந்து இறங்கியதும் பெயர்த் தகராறு. குடும்பப் பெயர் என்ன என்றார் குடியேற்ற அதிகாரி. அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கோபம். கடைசியில் அப்பா பெயரை எழுதினார்கள். அன்று முதல் இந்த நாட்டில் நான் நர்ஸ் தேவசகாயம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் குழந்தைகள் வார்டுக்கு ஆண்ட்ரூ என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். பிறந்து சில வாரமே ஆனவன். பகல் டூட்டியில் நான் பால் புகட்டினேன். நன்றாகக் குடித்தான், என்னைப் பார்த்துக்கொண்டே கண் அயர்ந்தான். சற்று நேரத்தில் அவன் நகக்கண்ணைப் பார்த்தேன். பிறகு உதட்டைப் பார்த்தேன். என் கை என்னைக் கேட்காமலே அவன் உள்ளங்காலைச் சுண்டியது. அவன் சிணுங்கி ஒரு பெருமூச்சு விட்டான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார், பல நாள் பரிசோதித்தார். பிறகு எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். இது அபூர்வமானது, மருத்துவ உலகத்துக்கே இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. பிறவியிலேயே வருவது. நுரையீரலில் ஒரு குறையும் கிடையாது. நாம் தூங்கும்போது நமக்குப் பதிலாக மூச்சைக் கவனித்துக்கொள்ளும் வேலை மூளையில் ஓரிடத்தில் நடக்கிறது. இவனுக்கு அந்த வேலை நடப்பதில்லை. உடம்பில் கெட்ட காற்று சேர்ந்தாலும் மூச்சு முட்டுகிற உணர்வே இவனுக்கு வராது. அதனால் திணறவும் மாட்டான். சிலருக்கு வயிறு உப்பும், சிலருக்குக் கருமணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. விழித்திருக்கும்போது பார்த்தால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு முன்னால் சாமு கிடந்தான். கூட்டம் முடிந்ததும் அவரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "எட்டு மாதமா? மிஷின் இல்லாமலா?" என்று கேட்டார். "உன் தம்பிக்கு இதன் லேசான வகையாக இருந்திருக்கலாம். நான் அவனைப் பார்க்கவில்லை, நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீ சொல்வது எல்லாம் இதுதான்" என்றார்.

நர்ஸுகள் துணி மாற்றும் அறைக்குப் போய் அழுதேன். துக்கத்தில் அழுதேனா, சந்தோஷத்தில் அழுதேனா என்று தெரியவில்லை. அம்மா அமுக்கவில்லை. என் அம்மா பிள்ளையைக் கொல்லவில்லை.

இதை எழுதி அனுப்ப முடியாது. எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் அப்பாதான் உரக்க வாசிப்பார். டிரங்க் கால் போட்டால் அம்மா பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். அதற்கு லீவும், டிக்கெட்டும், ஷீலாவுக்குப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக அமைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் அம்மா உயிரோடு இருக்க வேண்டுமே என்று தினமும் பயந்தேன்.

6

போன கோடையில் போனோம். வாடகைக்கு இருந்த அதே வீட்டை அப்பா விலைக்கு வாங்கியிருந்தார். ரிட்டயராகிவிட்டார், ஆனாலும் மதியம் சாப்பிட்டதும் அதே உள் அறையில் படுத்துவிடுவார். நாங்களும் பழக்கம் விடாமல் மெல்லத்தான் பேசினோம். "அம்மம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று ஷீலா ஆங்கிலத்தில் கேட்டாள். ஏன் என்றேன். "என்னைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்."

அன்று மத்தியானம் ஷீலா பின்வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா முன்னறையில் சுவரில் சாய்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்ட்ரூவைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நீ அமுக்கலம்மா. தூங்கினா அவனுக்கு மூச்சு நின்னுடும். பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருக்கான்."

கத்தி நின்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த வெள்ளைக்காரப் பையன் இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான்மா. நடக்கிறான்."

"தூங்குறானா?"

"நல்லாத் தூங்குறான். கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருக்கு. தூங்கும்போது மிஷின்ல மாட்டிடுவோம். ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் பக்கத்துல எப்பவும் நர்ஸ் ஒருத்தி முழிச்சிருப்பா."

"எப்பவுமா?"

"எப்பவும். என் டூட்டி முடிஞ்சா இன்னொருத்தி வந்து மாத்திவிடுவா. அவ வந்து உட்கார்ற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் அங்க ரூல்."

"மாத்திவிடுவாங்க" என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"அமுக்கலைன்னு எனக்குத் தெரியும். என் கை அவன் நெஞ்சு மேல இருந்துச்சு. முழிச்சுப் பார்த்தப்பவும் அங்கேதான் இருந்துச்சு."

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"யார் கேட்டாங்க?" என்றாள். நறுக்கிய கொத்தவரங்காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "அதுக்கு முந்தின ரெண்டு நாளா கண்ணே மூடல. ஒரு மணி நேரம் யாராவது அவனைப் பிடிச்சிருந்தாப் போதும். மாத்திவிட ஆள் இல்ல."

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா தூங்கவில்லை.

"நான் இருந்தேனே, எஸ்தர்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.